திருச்சியில் பழைய புத்தகக் கடை: ஒன்றரை லட்சத்தில் ஆகுமா?

ஆகும். ஆனால் நீங்கள் போட்டிருக்கிற திட்டத்தில் ஆகாது. மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன்: கையில் ஒன்றரை லட்சம், சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் ஒரு சின்னக் கடை, பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட்டில் பார்த்தது மாதிரி ரேக் ரேக்காக ஆங்கில நாவல்கள், ஒரு மூலையில் தமிழ், பார்க்கிற வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கினால் மாதம் இருபத்தைந்தாயிரம் கையில் நிற்குமா?

நான் சென்னையில் இந்தத் தொழிலில் இருப்பவன். நடைபாதையில் தொடங்கி இப்போது ஒரு மாடி அறையில் வைத்து நடத்துகிறேன். புத்தகம் பிடிக்கும் என்பதால் இதில் இறங்க நினைக்கிறவர்கள் எல்லோரும் விற்பதைப் பற்றியே கேட்கிறார்கள்: எந்தத் தெரு, என்ன பெயர், இன்ஸ்டாகிராமில் எப்படிப் போடுவது. ஆனால் இந்தத் தொழிலில் காசு இருப்பது புத்தகத்தை வாங்குகிற இடத்தில்தான். என்ன விலைக்கு எடுத்தீர்கள், எதை வேண்டாம் என்று தள்ளினீர்கள், இந்த இரண்டிலேயே லாப நஷ்டம் முக்கால்வாசி முடிந்துவிடுகிறது.

முதலில் கடைக் கணக்கைப் பார்த்துவிடுவோம், அது சின்னக் கணக்குதான். மாத வாடகை எட்டாயிரம் என்று வையுங்கள், கரண்ட், டீ, கவர், ஆட்டோ எல்லாம் சேர்த்துப் பத்தாயிரம். ஒரு புத்தகத்துக்குச் சராசரியாக ஐம்பது ரூபாய் நின்றால் (நிற்பது கஷ்டம், இருந்தாலும் வைத்துக்கொள்வோம்) இந்தச் செலவுக்கு மட்டுமே மாதம் இருநூறு புத்தகம் விற்க வேண்டும். உங்களுக்கு இருபத்தைந்தாயிரம் வேண்டுமென்றால் இன்னும் ஐந்நூறு. ஆக எழுநூறு, கடை திறந்திருக்கிற நாளெல்லாம் கிட்டத்தட்ட இருபத்தெட்டு புத்தகம். மழை பெய்தாலும், பரீட்சை நடந்தாலும், பொங்கலுக்கு ஊரே கிளம்பிப் போனாலும் இருபத்தெட்டு. இதற்கு நடுவில் வீட்டுக்காரர் பத்து மாத அட்வான்ஸ் கேட்பார். எண்பதாயிரம் அங்கே போய் உட்கார்ந்துவிட்டால் சரக்கு எடுக்க என்ன மிச்சம்? புது மரத்தில் ரேக் அடித்து, பெயர்ப் பலகைக்கு லைட் போட்டு, கையில் முப்பதாயிரத்தோடு சரக்குத் தேடிப் போனவர்கள் பலரை எனக்குத் தெரியும். ஒரு வருடத்துக்குள் அந்த ரேக்குகளும் செகண்ட்ஹேண்டில் வந்துவிடும்.

அதனால் முதல் வருடம் ரோட்டுமேல் கடை வேண்டாம். வீட்டில் ஒரு அறை, இல்லையென்றால் ஏதாவது சந்தில் ஒரு மாடி. வேலையையும் விடாதீர்கள். இந்தத் தொழிலுக்கு முதல் வருடம் உங்கள் ஞாயிற்றுக்கிழமையும் சாயங்காலமும் போதும்.

சரி, வாங்குவதற்கு வருவோம். நம்மூரில் எந்தப் பழைய புத்தகத்துக்கும் ஒரு எடை விலை உண்டு. பழைய பேப்பர் கடைக்காரர் அதை கிலோ கணக்கில் எடுத்து மொத்த வியாபாரிக்குத் தள்ளுவார், அவர் கட்டுக்கட்டாகக் கட்டி அட்டை ஆலைக்கோ பேப்பர் மில்லுக்கோ அனுப்புவார். அங்கே போனால் எல்லாம் கூழ்தான், கம்பராமாயணமும் ஒன்று, கைடும் ஒன்று. உங்கள் உண்மையான போட்டியாளர் பக்கத்துக் கடைக்காரர் இல்லை, இந்த எடைச் சங்கிலி. அது தினமும் ஓடுகிறது, ரொக்கம் கொடுக்கிறது, வீட்டு வாசலுக்கே வருகிறது. இந்தச் சங்கிலியில் எந்த இடத்தில் கையை நீட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் அடக்க விலை.

மொத்த வியாபாரியின் குடோனில் போய்த் தேடுவது வீண் வேலை. அங்கே வருவதற்குள் கெட்டி அட்டையைப் பிய்த்துத் தனியாகப் போட்டிருப்பார்கள், பைண்டு உடைந்திருக்கும், மூன்று பாக நாவலில் நடுப்பாகம் எங்கேயோ போயிருக்கும். சின்ன பேப்பர் கடைகளைப் பிடியுங்கள். ஸ்ரீரங்கம், தில்லை நகர், கே.கே. நகர், திருவெறும்பூர் என்று ஒரு பத்துப் பன்னிரண்டு கடை. அவர்களிடம் போய் “நல்ல புத்தகம் வந்தால் சொல்லுங்கண்ணே” என்றால் ஒன்றும் நடக்காது, எது நல்ல புத்தகம் என்று பார்ப்பது அவர் வேலை இல்லை. “அட்டையைப் பிய்க்காதீங்க, புத்தகம் எது வந்தாலும் அப்படியே ஒரு சாக்கில் போட்டு வையுங்க, எடை ரேட்டுக்கு மேல கிலோவுக்குப் பத்து ரூபாய் தர்றேன், சனிக்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்” என்று சொல்லுங்கள். முக்கியம், அந்தச் சனிக்கிழமை போய்விட வேண்டும், சாக்கில் இருப்பது முழுக்கக் குப்பையாக இருந்தாலும் பேசிய காசைக் கொடுத்து எடுக்க வேண்டும். நீங்கள் பொறுக்க ஆரம்பித்தால் அவர் அடுத்த வாரமே மில்லுக்குப் போடுவார். குப்பையை நீங்கள் பிறகு வேறு கடையில் எடைக்குப் போட்டுக்கொள்ளலாம், கிலோவுக்குப் பத்துப் பன்னிரண்டு ரூபாய் நஷ்டம், அதைச் சரக்கு எடுத்த செலவாக எழுதிவிடுங்கள். ஒரு புத்தகம் சராசரி முந்நூறு கிராம் என்றால் நூறு கிலோவில் முந்நூறு புத்தகத்துக்கு மேல் வரும். கிலோ இருபத்தைந்து ரூபாய்க்கு எடுத்தாலும் ஒன்று எட்டு ரூபாய்க்குள் அடங்கிவிடும். அதில் பாதிக்கு மேல் திரும்ப எடைக்கே போகும், மிச்சத்தில் ஒரு சிறு பங்குதான் உடனே விற்கும், அந்தச் சிறு பங்குதான் எல்லாவற்றையும் தூக்கி நிறுத்துகிறது.

இதைவிட நல்ல சரக்கு வீடுகளில் இருக்கிறது. திருச்சி இதற்கு அருமையான ஊர், நீங்கள் அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை. கைலாசபுரம் பெல் (BHEL) குடியிருப்பில் ஓய்வு பெறுகிறவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும், பொன்மலை ரயில்வே காலனியிலும் அப்படித்தான். ஸ்ரீரங்கத்தில் பெரிய வீடுகள், பிள்ளைகள் அமெரிக்காவில், வீடு கைமாறும்போது முதலில் வெளியே வருவது பரணில் இருக்கும் புத்தகம். ஓய்வு பெற்ற கல்லூரிப் பேராசிரியர்கள், வக்கீல்கள். இந்த வீடுகளுக்கு உங்களுக்கு முன்னால் தகவல் தெரிகிறவர்கள் யார் என்று யோசியுங்கள்: பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்காரர்கள், வீட்டு புரோக்கர்கள், அபார்ட்மென்ட் வாட்ச்மேன்கள். அவர்களிடம் உங்கள் நம்பர் இருக்க வேண்டும், தகவல் சொன்னால் ஒரு தொகை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். போகிப் பண்டிகைக்கு முந்தின இரண்டு வாரம் தூங்கவே கூடாது, தமிழ்நாடே பரணை இறக்குகிற சமயம் அது.

வீட்டுக்குப் போகும்போது ஒரு விஷயம். இறந்துபோனவருடைய புத்தகங்களைப் பிள்ளைகள் கொடுக்கும்போது பேரம் அடிக்காதீர்கள். மொத்தமாக ஒரு தொகை சொல்லுங்கள், எடை விலையைவிட நன்றாகவே கூடுதலாக, ஒரே விலை. “அப்பா இதையெல்லாம் உயிராக வைத்திருந்தார்” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது தராசைத் தூக்கினால் அந்த வீட்டிலும் போச்சு, அவர்களுடைய சொந்தக்காரர்கள் வீட்டிலும் போச்சு. அப்புறம், அலமாரியில் ஒரு விலை உயர்ந்த புத்தகம் கண்ணில் பட்டால் அதைத் தனியாக எடுத்துச் சொல்லிவிட்டு அதற்குத் தனி விலை கொடுங்கள். நல்லவன் என்று பெயர் வாங்க வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை, இந்த ஊர்களில் அடுத்த வீட்டுக்கான அழைப்பு அங்கிருந்துதான் வருகிறது.

செட்டிநாடு உங்களுக்குப் பக்கம்தான். கோட்டையூரில் ரோஜா முத்தையா ஒரு தனி மனிதராகச் சேர்த்து வைத்ததுதான் 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக ஆனது, அந்தப் பக்கத்து வீடுகளில் எவ்வளவு அச்சு இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்காரர்கள் பல வருடமாக அந்த வீடுகளை அலசிவிட்டார்கள், பெரிதாக எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஓலைச்சுவடி கிடைத்தால் தொடவே வேண்டாம். எழுபத்தைந்து வருடத்துக்கு மேற்பட்ட, வரலாற்று மதிப்போ இலக்கிய மதிப்போ உள்ள சுவடி 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் வந்துவிடும், உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்ய முடியாது. சுவடி நூலகத்துக்குக் கொடுக்கச் சொல்லி அந்த வீட்டாரிடமே விட்டுவிடுங்கள்.

இனி எதை எடுப்பது, எதைத் தள்ளுவது. இங்கேதான் நேரம் செலவழித்துக் கற்றுக்கொள்ள வேண்டும்.

உங்கள் ஊரில் தினமும் விற்கப் போவது போட்டித் தேர்வுப் புத்தகம். டிஎன்பிஎஸ்சி குரூப் 4, குரூப் 2 எழுதுகிறவர்கள் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை பள்ளிப் புத்தகங்களைத் தேடி அலைகிறார்கள். புதிய பாடத்திட்டம் 2018-19, 2019-20 என்று இரண்டு தவணையாக வந்தது. அதற்கு முந்தைய சமச்சீர் புத்தகத்துக்கும் மவுசு குறையவில்லை, பழையதிலிருந்தும் கேள்வி வரும் என்று கோச்சிங் சென்டர்களில் சொல்லி வைத்திருக்கிறார்கள். பிடிஎஃப் இலவசமாகக் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறது, ஆனால் அதை பிரிண்ட் போடுகிற காசுக்கு நம்மிடம் அசல் புத்தகமே கிடைத்துவிடும், போனில் பார்த்து எத்தனை மணி நேரம் படிக்க முடியும்? அடிக்கோடு போட்டிருந்தாலும் இந்தப் பிள்ளைகள் கவலைப்பட மாட்டார்கள், சிலர் அதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். செட்டாகச் சேர்த்து வையுங்கள், தமிழ் ஆறிலிருந்து பன்னிரண்டு ஒரு கட்டு, சமூக அறிவியல் ஒரு கட்டு. தனித்தனியாக நாற்பது ரூபாய்க்குப் பேரம் பேசுகிறவர் கட்டாக இருந்தால் பேசாமல் வாங்கிப் போவார். ஒரே எச்சரிக்கை, அரசுப் பள்ளியில் கொடுக்கிற விலையில்லாப் பாடநூலில் ‘விற்பனைக்கு அன்று’ என்று அச்சடித்திருக்கும். நடைபாதையில் அதுவும் ஓடுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும், நீங்கள் அதில் இறங்க வேண்டாம். விலை போட்டு விற்ற பிரதியை மட்டும் எடுங்கள்.

பொறியியல் புத்தகத்தில் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் 2013, 2017, 2021 என்று ரெகுலேஷனை, அதாவது பாடத்திட்டத்தை, மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. யூனிட் வரிசைப்படி உள்ளூர் ஆசிரியர்கள் எழுதும் புத்தகங்கள் ரெகுலேஷன் மாறிய அன்றே காகிதம். பெரிய வெளிநாட்டு ஆசிரியர்களின் அடிப்படைப் பாடநூல்கள் எந்த ரெகுலேஷனுக்கும் அசையாது. என்ஐடி பிள்ளைகள், கேட் (GATE) தேர்வு எழுதுகிறவர்கள் அதைத்தான் கேட்பார்கள். முதல் வகையை ஐம்பது ரூபாய்க்குக் கூட எடுக்காதீர்கள், இரண்டாவது வகைக்கு இருநூறு கொடுத்தாலும் தப்பில்லை. மருத்துவப் புத்தகம் பதிப்பு மாறினால் பாதி விலை, இரண்டு பதிப்பு மாறினால் எடை விலை.

சட்டப் புத்தகம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் இன்னும் ஆட்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். 2024 ஜூலை 1-இலிருந்து இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றும் போய்ப் புதுச் சட்டங்கள் வந்துவிட்டன. அந்த மூன்றின் பாடநூல்கள் ஒரே நாளில் மாணவர்களுக்கு வேண்டாதவை ஆயின. பழைய வழக்கு நடத்துகிற வக்கீலுக்கு இன்னும் தேவைதான், ஆனால் அவரிடம் ஏற்கெனவே ஒரு செட் இருக்கும். வருமான வரியிலும் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ஆம் ஆண்டுச் சட்டம், 2026 ஏப்ரல் 1 முதல் அமல். ஒரு சீனியர் வக்கீல் வீட்டிலிருந்து தோல் பைண்டு போட்ட வரிசை வரிசையான புத்தகங்கள் வரும்போது பார்க்க ராஜா மாதிரி இருக்கும், கிலோ ரேட்டுக்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். சினிமாக்காரர்களும் வீட்டு அலங்காரக்காரர்களும் செட் போட வாடகைக்குக் கேட்பதுண்டு, அது சென்னையில், திருச்சியில் அதை நம்பி இடத்தை அடைக்க முடியாது.

தமிழ் நாவல் என்று எடுத்தால் ரமணிச்சந்திரன் எந்த ஊரிலும் நிற்காமல் ஓடும், மூலையில் வைக்காதீர்கள், முன்னால் வையுங்கள். மூடிப்போன லெண்டிங் லைப்ரரிகளிலிருந்து வருகிற பைண்டு போட்ட பிரதிகள் பார்க்க அழுக்காக இருந்தாலும் எடுக்கலாம். நாட்டுடைமை ஆன எழுத்தாளர்களின் பெரிய நாவல்களில் மட்டும் கவனம், அவற்றை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்பதால் மலிவுப் பதிப்புகள் குவிந்து கிடக்கின்றன. புதியதே அவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது பழையதை யார் வாங்குவார்கள்?

ஆனால் அதே நாவல் வார இதழில் தொடராக வந்தபோது யாரோ ஒருவர் வாராவாரம் கிழித்து வைத்து பைண்டு செய்திருந்தால் கதை வேறு. ஓவியர்கள் மணியம், கோபுலு, சில்பி வரைந்த படங்களோடு, பின்பக்கத்தில் அந்தக் காலத்து சோப்பு விளம்பரத்தோடு இருக்கும் அந்தக் கட்டுகளுக்கு ஆள் இருக்கிறார்கள், கேட்ட விலை கொடுப்பார்கள். வாங்குவதற்கு முன்னால் உட்கார்ந்து அத்தியாய எண்ணைச் சரிபார்க்க வேண்டும். வழக்கமாக முதல் இரண்டு அத்தியாயம் இருக்காது, தொடர் பிடித்துப்போன பிறகுதானே கிழித்து வைக்கத் தோன்றும். நடுவில் ஒரு வாரம் விட்டுப்போயிருக்கும், அந்த வாரம் ஊருக்குப் போயிருப்பார்கள். பைண்டு போட்டவர் ஓரத்தை ரொம்ப வெட்டியிருந்தால் ஒரு வரிசை எழுத்து போயிருக்கும். முழுசாக இருந்தால் ஒரு விலை, ஒரு அத்தியாயம் இல்லை என்றால் பாதி, அதை வாங்குகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த வகை வாங்குகிறவர்கள் மொத்தமே ஒரு சிறு வட்டம், எல்லோரும் எல்லோரிடமும் பேசுவார்கள்.

காமிக்ஸும் இதே ரகம். சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ் 1972-இல் தொடங்கியது, லயன் 1984-இல். ராணி காமிக்ஸும் அதே 1984. சின்ன வயதில் படித்துவிட்டு இப்போது கையில் காசு இருக்கிற ஐம்பது வயதுக்காரர்கள்தான் வாங்குகிறார்கள். அட்டையோடு, கடைசிப் பக்கத்தோடு, ஸ்டேப்ளர் துரு ஏறாமல் இருந்தால் பழைய இதழ் ஆயிரங்களில் போகும். அட்டை இல்லாததற்கு ஐம்பது ரூபாய். சோவியத் புத்தகங்களையும் விடாதீர்கள். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா, மீர் என்று பார்த்தாலே எடுத்து வையுங்கள், 1991-க்குப் பிறகு அவை வருவது நின்றுவிட்டது, கிடைப்பது பரணில் இருப்பது மட்டும்தான். சிறுவர் படப் புத்தகமாக இருந்தால் இன்னும் நல்லது. ஸ்ரீரங்கத்தில் கிரந்த எழுத்தில் அச்சான வைணவ நூல்கள் வரும். படிக்கத் தெரிந்தவர் குறைவு, ஆனால் தேவைப்படுகிறவருக்கு வேறு வழியில்லை.

இப்போது உங்கள் ஆங்கில நாவல். சர்ச் ஸ்ட்ரீட்டை மனதில் வைத்துத் திருச்சியில் கணக்குப் போடாதீர்கள். அந்த ஊரில் ஆங்கிலத்தில் பொழுதுபோக்காகப் படிக்கிற, சம்பளம் வாங்குகிற கூட்டம் நடந்து வருகிற தெருவில் அந்தக் கடைகள் இருக்கின்றன. அவர்களுக்குச் சரக்கு பெரிதும் வெளிநாட்டிலிருந்து கன்டெய்னரில் வருவது. பிரிட்டன், அமெரிக்காவில் தான தர்மக் கடைகளில் விற்காமல் மிஞ்சியது எடைக்கு இங்கே வருகிறது, இறக்குமதிக்காரர்கள் டெல்லியிலும் மும்பையிலும் பிரித்துத் தருவார்கள். 2019 பட்ஜெட்டிலிருந்து இறக்குமதிப் புத்தகத்துக்கு ஐந்து சதவீத வரி வேறு. பிரிக்காத லாட்டாக எடுத்தால் உள்ளே முப்பது வருடத்துக்கு முந்தைய டயட் புத்தகம், இங்கே யாருக்கும் தெரியாத டிவி நடிகரின் சுயசரிதை, பிரிட்டிஷ் தோட்டக்கலை எல்லாம் இருக்கும். பிரித்த லாட்டில் விலை ஏறிவிடும். இதில் எனக்கு நம்பிக்கை இருக்கிற ஒரே வகை சிறுவர் படப் புத்தகம். ஆங்கில மீடியம் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருக்கிற அம்மாக்கள் நூறு ரூபாய்க்கு நல்ல கெட்டி அட்டைப் படப் புத்தகம் கிடைத்தால் நான்கைந்தாக அள்ளிப் போவார்கள். முதலில் அதை மட்டும் ஒரு ஐம்பது கிலோ எடுத்துப் பாருங்கள்.

ஆங்கிலத்தில் இன்னொரு தலைவலி திருட்டுப் பதிப்பு. சிக்னலில் நூற்றைம்பது ரூபாய்க்கு விற்கும் சுயமுன்னேற்றப் புத்தகம் எல்லாம் அந்த வகைதான். பின்பக்க எழுத்து முன்னால் தெரிகிற மெல்லிய தாள், கொஞ்சம் கலங்கின அச்சு, பக்கத்துக்குப் பக்கம் மாறுகிற ஓரம், அட்டையில் கூடுதல் பளபளப்பு, நாலு தரம் திறந்தால் பசை விடும். இதைப் பழையதாகக் கூட எடுத்து விற்காதீர்கள். பதிப்புரிமைச் சட்டம் 63-ஆம் பிரிவில் ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறை, ஐம்பதாயிரத்திலிருந்து இரண்டு லட்சம் வரை அபராதம். அசல் புத்தகத்தை மறுபடி விற்பதில் எந்தச் சிக்கலும் இல்லை, ஒருமுறை விற்பனைக்கு வந்துவிட்ட பிரதியைக் கைமாற்ற யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். நூலக முத்திரை குத்திய புத்தகத்தில் மட்டும் நீக்கப்பட்டது என்பதற்கான முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது யாரோ திருப்பிக் கொடுக்காத புத்தகம்.

வரி, பதிவு விஷயம் சுலபம். அச்சடித்த புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, வரி விலக்குள்ள பொருளை மட்டும் விற்கிறவர் பதிவு செய்யவும் தேவையில்லை. கூடவே பேனா, பை, காபி கோப்பை என்று வைக்க ஆரம்பித்தால் ‘மட்டும்’ என்பது போய்விடும், அப்போது ஆடிட்டரைக் கேளுங்கள். நடைபாதையில் போடுவதாக இருந்தால் 2014-ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி மாநகராட்சியில் விற்பனைச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது கையில் இருந்தாலும் இடம் நிரந்தரம் என்று நினைக்க வேண்டாம். சென்னையில் மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்தபோது புத்தகக்காரர்கள் அல்லிக்குளத்துக்குப் போனார்கள், பழைய கூட்டம் கூடவே போகவில்லை. டெல்லி தரியாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையை 2019-இல் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு மகிளா ஹாட் வளாகத்துக்குள் கொண்டுபோனார்கள். அதனால் முதல் நாளிலிருந்தே வாங்குகிறவர் போன் நம்பரை வாங்குங்கள். இடம் போனாலும் ஆள் உங்களிடம் இருக்க வேண்டும்.

அந்த நம்பர்தான் உங்கள் கடை. வாட்ஸ்அப்பில் மூன்று பட்டியல் தனித்தனியாக வையுங்கள்: தேர்வுக்காரர்கள், நாவல் வாசகர்கள், சேகரிப்பாளர்கள். எல்லோருக்கும் எல்லாவற்றையும் அனுப்பினால் ஒரே வாரத்தில் மியூட் செய்துவிடுவார்கள். படம் எடுக்கும்போது அட்டை மட்டும் போதாது, பதிப்பு விவரம் உள்ள பக்கம், முதுகு, ஏதாவது சேதம் இருந்தால் அது. விலையை எழுதிப் போடுங்கள். ‘விலைக்கு இன்பாக்ஸ்’ என்கிறவர்களிடம் நான் வாங்குவதே இல்லை. விலை வைக்கும்போது ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: புத்தகக் கண்காட்சியில் புதுப் புத்தகத்துக்கே பத்து சதவீதம் கழிவு, அதனால் அச்சில் உள்ள புத்தகத்தைப் பாதி விலைக்கு மேல் வைத்தால் விற்காது. அச்சில் இல்லாததற்கு அந்த விதி கிடையாது. நாவல் வாசகர்களுக்குப் படித்துவிட்டுத் திருப்பினால் பாதி விலை என்று சொல்லுங்கள், ஒரே ரமணிச்சந்திரன் பிரதி நாலைந்து முறை உங்கள் கல்லாவுக்குக் காசு கொண்டுவரும்.

வெளியூருக்கு அனுப்புவதில் முன்பு இருந்த வசதி போய்விட்டது. பதிவுப் புத்தக அஞ்சல் இருந்தவரை கவலையே இல்லை, 2024 டிசம்பர் 18-ஆம் தேதி சத்தமில்லாமல் அதை நிறுத்தினார்கள், நூறு ரூபாய்ப் புத்தகத்துக்கு அறுபது எழுபது அனுப்பும் செலவு என்று ஆகிப் பலர் இந்தப் பக்கத்தையே விட்டார்கள். 2025 மே 1-இலிருந்து ‘ஞான் போஸ்ட்’ என்று வந்திருக்கிறது: முந்நூறு கிராம் வரை இருபது ரூபாய், ஐந்து கிலோ வரை போனால் நூறு, வரி தனி. தரை வழியாகத்தான் போகும், மெதுவாகப் போகும், ஆனால் டிராக் செய்யலாம். புத்தகத்தில் அச்சகமோ பதிப்பகமோ பெயர் இருக்க வேண்டும், உறைமேல் ஞான் போஸ்ட் என்று எழுத வேண்டும். பத்திரிகை இதழ்கள் அதில் சேராது, அதனால் பழைய வார இதழ்களையும் காமிக்ஸையும் கூரியரில் அனுப்புவதாகவே கணக்குப் போடுங்கள். நூற்றைம்பது ரூபாய்க்குக் கீழே உள்ள ஒற்றைப் புத்தகத்தை நான் அனுப்புவதே இல்லை, மூன்றாகச் சேர்த்து வாங்கினால்தான். பெரிய ஆன்லைன் தளங்களில் போட்டால் அவர்கள் கட்டணம் போக நூறு ரூபாய்ப் புத்தகத்தில் கையில் நிற்பது சில்லறைதான், அரிய புத்தகத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

வைக்கிற இடத்தைப் பற்றி இரண்டு வரி. வந்த மூட்டையை நேராக ரேக்கில் ஏற்றாதீர்கள், ஒரு வாரம் வேறு இடத்தில் பிரித்துக் காற்றாட வையுங்கள், இராமபாணப் பூச்சி ஒரே புத்தகத்திலிருந்துதான் முழு அறைக்கும் பரவும். சந்தேகமானதை பிளாஸ்டிக் கவரில் காற்று போகாமல் கட்டி ஃப்ரீசரில் சில நாள் வைத்தால் பூச்சி செத்துவிடும், வீட்டில் சம்மதித்தால். பாச்சை உருண்டையைக் கொட்டி வைத்தால் புத்தகத்தில் அந்த வாடை வருடக்கணக்கில் போகாது, வசம்பு பரவாயில்லை. தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்குக் கீழே எதையும் வைக்காதீர்கள், 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் கீழ்த்தட்டில் இருந்தது அத்தனையும் போனது.

ஆறு மாதம் அசையாத புத்தகத்துக்கு விலையைப் பாதியாக்குங்கள், இன்னும் ஆறு மாதம் போனால் எடைக்குப் போடுங்கள். இதுதான் புத்தகப் பிரியர்களுக்கு வராது. ‘என்றாவது ஒருவர் வருவார்’ என்று வைத்திருக்கிற ஒவ்வொன்றுக்கும் நீங்கள் வாடகை கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஒன்றரை லட்சத்தை இப்படிப் பிரிப்பேன். எண்பதாயிரம் சரக்குக்கு, அதுவும் ஒரே தடவையில் இல்லை, வருடம் முழுக்க. பதினைந்தாயிரம் பழைய இரும்பு ரேக், தராசு, கவர், டேப்புக்கு. மிச்சத்தைத் தொடாமல் வங்கியில் போட்டு வையுங்கள், ஒரு பேராசிரியர் வீட்டிலிருந்து “நாளைக்குள் காலி செய்யணும், மொத்தமா எடுத்துக்கறீங்களா” என்று போன் வரும்போது கையில் ரொக்கம் இருக்க வேண்டும். பள்ளி, கல்லூரிச் சரக்கு மலிவாகக் கிடைப்பது ஏப்ரல் மே, அதையே நல்ல விலைக்கு விற்பது ஜூன் ஜூலை. அதனால் மார்ச் கடைசிக்குள் அந்தப் பத்துப் பன்னிரண்டு பேப்பர் கடைக்காரர்களிடமும் பேசி சாக்கு கொடுத்து வைத்துவிடுங்கள், சாக்கையும் நீங்களே வாங்கிக் கொடுங்கள், பேப்பர் கடைக்காரர் தன் சாக்கை இதற்கு ஒதுக்க மாட்டார்.